ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெயியும் அமால்ஃபி கடற்கரையும்: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி இதுதான்: ஜூன் மாதம் அப்பா, அம்மாவோடு இத்தாலி போகிறீர்கள். ரோமில் ஐந்து நாள் தங்கல். அதில் ஒரு நாளை ஒதுக்கி, கைடோடு கூடிய சுற்றுலாவில், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமானிய ஊரான பொம்பெயியின் இடிபாடுகளையும் அதற்குத் தெற்கே இருக்கும் அமால்ஃபி கடற்கரையையும் பார்த்துவிட்டு இரவு ரோம் திரும்ப முடியுமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு உடம்பு தாங்குமா?

போகலாம். ஆனால் ரோமிலிருந்து பஸ்ஸில் வேண்டாம். கடற்கரையில் ஒரு ஊருக்கு மேல் வேண்டாம். கைடுக்குக் கொடுக்கிற காசு முழுவதும் பொம்பெயிக்குப் போகட்டும். கடற்கரையில் உங்களுக்குத் தேவை நல்ல டிரைவர் மட்டும்தான்.

நாங்கள் நேப்பிள்ஸில் ஆறு வருடம் குடியிருந்தோம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நிறைய பேரை இந்த வழியில் கூட்டிப் போயிருக்கிறேன். அதற்கெல்லாம் முன்னால், முதல் தடவை நாங்களே சுற்றுலாப் பயணிகளாக வந்தபோது, ரோமிலிருந்து கிளம்பும் பெரிய பஸ் ஒன்றில்தான் போனோம். விளம்பரத்தில் பொம்பெயி, சொரெண்டோ, பொசிட்டானோ, அமால்ஃபி என்று நான்கு பெயர் இருந்தன. ரோமுக்கும் பொம்பெயிக்கும் நடுவே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், திரும்பி வர அதற்கு மேல். நடுவில் ஒரு நகைக் கடையில் நாற்பது நிமிடம் இறக்கிவிட்டார்கள். பொம்பெயிக்குள் நாங்கள் இருந்தது ஒரு மணி பத்து நிமிடம். எங்களுக்கு வந்த கைடு விஷயம் தெரிந்தவர், ஆனால் பாவம், பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொசிட்டானோவைச் சாலையோர வளைவில் நிறுத்திப் பத்து நிமிடம் காட்டினார்கள். இரவு பஸ்ஸில் திரும்பும்போது என் மாமியார் கேட்டார், “கடலுக்கு எப்பப்பா போனோம்?” அன்றைக்கு அவர் கால் கடல் தண்ணீரில் படவே இல்லை.

அதனால் முதலில் பயணத்தைச் சரி செய்யுங்கள். ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் ஒரு மணி பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடும். காலை ஏழு மணி வாக்கில் ஏறினால் எட்டேகாலுக்கு நேப்பிள்ஸ். அங்கிருந்து டிரைவரோடு ஒரு சிறிய வேன். ஒன்பது மணிக்குப் பொம்பெயி வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கலாம். மூன்று பேருக்கு வேன் என்றால் பஸ் சுற்றுலாவைவிடச் செலவு கூடும்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும், அப்பா அம்மாவின் முதுகும் மிச்சமாகும். முடிந்தால் ரோமில் ஒரு இரவைக் குறைத்து நேப்பிள்ஸிலோ சொரெண்டோவிலோ தங்குங்கள். என்னைக் கேட்டால் அதுதான் மிக நல்லது.

இந்த இரண்டு இடங்களும் ஏன் ஒரே நாளில் சேருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. காலையில் கல்லும் மண்ணும், மாலையில் அழகான கடல், நாக்குக்குக் காரமும் இனிப்பும் போல என்று விற்கிறார்கள். அப்படி இல்லை. நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில் வெசூவியஸ் எரிமலை நிற்கிறது, 1,281 மீட்டர் உயரம். அதன் தெற்கு அடிவாரத்தில் பொம்பெயி. அதற்குத் தெற்கே லத்தாரி மலைத்தொடர் சுவர் மாதிரி நீண்டு கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சுவரின் மறுபக்கம்தான் அமால்ஃபி கடற்கரை. கி.பி. 79இல் அந்த எரிமலை வெடித்தபோது சாம்பல் சுவரின் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடவில்லை, மறுபக்கமும் விழுந்தது. பொசிட்டானோ கடற்கரையில் இருந்த ஒரு ரோமானியப் பணக்காரரின் மாளிகையும் அன்றைக்கே புதைந்தது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். யுனெஸ்கோ இரண்டு இடங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஒரே வருடம்தான், 1997.

சரி, பொம்பெயி. உள்ளே 66 ஹெக்டேர் நிலம். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1748இல் ஆரம்பித்த வேலை இன்னும் முடியவில்லை. தோண்டிய பகுதியை முழுதாகப் பார்க்க இரண்டு நாள் போதாது. உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். இங்கேதான் கைடு வேண்டும், அதுவும் உரிமம் பெற்ற கைடு. கழுத்தில் அடையாள அட்டை இருக்கும். வாசலுக்கு வெளியே கையை ஆட்டிக் கூப்பிடுபவர்களோடு போகாமல் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பெரிய குழு என்றால் காதில் மாட்டும் கருவி கொடுப்பார்கள், ஆனால் முப்பது பேர் நிற்கும்போது பின்னால் இருப்பவருக்குக் குரல் கேட்கும், கைடு எதைக் காட்டுகிறார் என்று தெரியாது. எட்டுப் பத்து பேருக்கு மேல் இல்லாத குழுவாகப் பாருங்கள்.

கைடு இல்லாமல் போனால் என்ன ஆகும்? கூரை இல்லாத வீடு, கூரை இல்லாத வீடு, இன்னொரு கூரை இல்லாத வீடு. அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்று போலத் தெரியும், வெயில் மட்டும்தான் நினைவில் நிற்கும். விஷயம் தெரிந்தவர் கூட இருந்தால் தெருவே பேசும். உதாரணத்துக்கு, தெருவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மூன்று பெரிய கற்கள் போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீரும் கழிவுநீரும் ஓடும் தெருவில் கால் நனையாமல் தாண்டுவதற்கு. கற்களுக்கு நடுவே இடைவெளி எதற்கு? வண்டிச் சக்கரம் போவதற்கு. குனிந்து பார்த்தால் அந்த இடைவெளியில் பாறையே நான்கு விரல் ஆழத்துக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். சக்கரம் கல்லில் எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்பதை வைத்தே சில தெருக்கள் ஒருவழிப் பாதைகள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தெருமுனைக் குழாயடிகளையும் விட்டுவிடாதீர்கள். சதுரமான கல் தொட்டி, தண்ணீர் வரும் இடத்தில் ஒரு முகமோ மிருகமோ செதுக்கியிருக்கும். அந்தத் தொட்டியின் விளிம்பில், குழாய்க்கு ஒரு பக்கமாக, கல் வழவழவென்று குழிந்திருக்கும். குனிந்து வாய் வைத்துக் குடிக்க ஒவ்வொருவரும் கையை ஊன்றிய இடம் அது. ஊர்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கயிறு இழுத்து இழுத்துத் தடம் விழுந்திருக்குமே, அதே மாதிரி. என் அம்மா அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. மாளிகைகளும் கோவில்களும் பார்த்தபோது ஒன்றும் சொல்லாதவர், அங்கேதான் கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம் ரொட்டிக் கடை. முற்றத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல், உடுக்கை வடிவத்தில் கறுப்புக் கற்கள் நிற்கும். எரிமலைப் பாறையில் செய்த மாவு அரைக்கும் கற்கள். “திருகைதானே இது, இவ்வளவு பெரிசா?” என்று அம்மா கேட்டார். திருகைதான். கீழ்க்கல் கூம்பு மாதிரி, மேல்கல் அதன்மேல் கவிழ்ந்து சுற்றும், மேலே கோதுமையைப் போட்டால் கீழே மாவு விழும். கழுதையோ அடிமையோ சுற்ற வேண்டும். பக்கத்திலேயே செங்கல் அடுப்பு, இன்றைய நேப்பிள்ஸ் பீட்சா அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்லவே வேண்டாம். இந்த ஊரின் ஒரு அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடைத்தன, எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு வசதியாக மேலே கீறியபடி.

உணவுக் கடைகளும் அப்படித்தான். தெருவைப் பார்த்த கல் மேடை, அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மண் தாழி. 2020 டிசம்பரில் முழுதாக வெளியே வந்த ஒரு கடையின் தாழிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் இருந்தன. மேடையின் முகப்பில் வாத்தும் சேவலும் வண்ணத்தில் வரைந்திருக்கின்றன. கைடிடம் சொல்லி இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

தமிழர்களுக்கு உடனே பிடித்துப்போகும் இன்னொன்று, சுவரெழுத்து. தேர்தலுக்கு ஆள் வைத்து இரவோடு இரவாகச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இன்னாரைத் தேர்ந்தெடுங்கள், நல்லவர், பழ வியாபாரிகள் ஆதரிக்கிறார்கள், பொற்கொல்லர்கள் ஆதரிக்கிறார்கள் என்று சிவப்பு மையில் பெரிய எழுத்து. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் கிடைத்திருக்கின்றன. வெயிலில் பல மங்கிவிட்டன. அபொண்டான்ஸா என்கிற பெரிய தெருவில் கண்ணாடி போட்டுப் பாதுகாத்த சிலவற்றை இன்னும் படிக்கலாம்.

வீடுகளில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நான் வெட்டி சகோதரர்களின் வீட்டைச் சொல்வேன். இருபது வருடம் பழுதுபார்ப்பில் இருந்து 2023 ஜனவரியில் திறந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, மது வியாபாரத்தில் பணம் பார்த்த இருவரின் வீடு என்கிறார்கள். சுவர்ச் சிவப்பைப் பார்த்தால் நேற்று அடித்த மாதிரி இருக்கும். வாசலிலும் உள்ளேயும் பாலியல் சார்ந்த வெளிப்படையான ஓவியங்கள் உண்டு, பெற்றோருடன் போவதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அந்தக் கால விலைமாதர் விடுதியும் எல்லாக் கைடுகளின் வழியிலும் இருக்கும். வேண்டாம் என்றால் காலையிலேயே சொல்லிவிட்டால் வேறு வழியாகக் கூட்டிப் போவார்கள்.

இறந்தவர்களின் உருவங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெடிப்பு ஏறக்குறைய நடுப்பகலில் தொடங்கியது. முதலில் இலேசான நுரைக்கல் மழை, பதினெட்டு மணி நேரம் போல. கூரைகள் பாரம் தாங்காமல் விழுந்தன. தப்பி ஓடியவர்கள் பலர் அந்த நேரத்தில்தான் ஓடினார்கள். ஓய்ந்துவிடும் என்று உள்ளே இருந்தவர்களை மறுநாள் காலை மலைச்சரிவில் பாய்ந்து வந்த சூடான வாயுவும் சாம்பலும் கொன்றது. உடலைச் சுற்றிச் சாம்பல் இறுகியது, உடல் அழிந்த பிறகு அதன் வடிவத்தில் வெற்றிடம் மிஞ்சியது. 1863இல் அகழாய்வை நடத்திய ஜியுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி எடுத்தார். முகத்தை மூடிய கை, சுருண்ட கால், உடுப்பின் மடிப்பு எல்லாம் அப்படியே வந்தன. இவை சிலைகள் இல்லை, உள்ளே எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படும்.

கைடுகள் இவற்றைச் சுற்றிச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குழந்தையோடு கிடந்த ஓர் உருவத்தை, கையில் பொன் வளையல் இருந்ததால், தாய் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் வந்த மரபணு ஆய்வு அவர் ஆண் என்றும் அந்தக் குழந்தைக்கு இரத்த உறவு இல்லாதவர் என்றும் காட்டியது. யாரோ ஒருவர், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்த யாருடைய குழந்தையோடோ. அதேபோல வெடிப்பு ஆகஸ்ட் 24 என்றுதான் புத்தகங்களில் இருக்கும். 2018இல் ஒரு சுவரில் கரியால் கிறுக்கிய அக்டோபர் மாதத் தேதி கிடைத்த பிறகு, இலையுதிர் காலத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். உங்கள் கைடு இந்த இரண்டையும் தானாகச் சொன்னால் நல்ல கைடு என்று தெரிந்துகொள்ளலாம்.

இளைய பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் அந்த வெடிப்பைப் பதினேழு வயதில் வளைகுடாவின் மறுகரையிலிருந்து பார்த்தவர். மலையிலிருந்து எழுந்த மேகம் பைன் மரம் மாதிரி இருந்தது என்று பின்னாளில் கடிதத்தில் எழுதினார். நமக்குப் பைன் என்றால் கொடைக்கானலின் ஊசி மரங்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே இருப்பது குடைப் பைன். நெடிய அடிமரம், உச்சியில் விரித்த குடை. பொம்பெயியைச் சுற்றி நிறைய நிற்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணை வெசூவியஸ் பக்கம் திருப்பினால், அவர் என்ன பார்த்தார் என்று புரியும்.

“பொம்பெயியில் லட்சுமி சிலை கிடைத்ததாமே, அதைக் காட்டுவார்களா?” என்று ஊரிலிருந்து வருகிற எல்லோரும் கேட்பார்கள். கிடைத்தது உண்மை. 1938இல் ஒரு வீட்டுக்குள் தந்தத்தில் செய்த பெண் உருவம், ஒரு முழத்துக்கும் குறைவுதான், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். ஆனால் அது இருப்பது பொம்பெயியில் இல்லை, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். லட்சுமி என்பது முதலில் வைத்த பெயர். யட்சி உருவமாக இருக்கலாம் என்பதே இப்போது பலருடைய கருத்து. வேலைப்பாடு மகாராஷ்டிரப் பகுதியில் கிடைத்த தந்த உருவங்களை ஒத்திருக்கிறது. எனவே அதைத் தமிழ்நாட்டிலிருந்து போனது என்று சொல்ல இடமில்லை. நமக்கு நேரான தொடர்பு வேண்டுமென்றால் மிளகு இருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு முசிறித் துறையை வைத்துச் சொல்கிறது. அந்தப் பொன்னும் மிளகும் கைமாறிய காலம்தான் இந்த ஊரும் உயிரோடு இருந்த காலம். அலெக்சாண்டர் போர்க்காட்சி மொசைக், கரியான ரொட்டிகள், சிறந்த ஓவியங்கள் எல்லாமே அந்த அருங்காட்சியகத்தில்தான். நேப்பிள்ஸில் ஒரு இரவு தங்குங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொம்பெயிக்குள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2024 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம், மூத்த குடிமக்களுக்குச் சலுகை கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்பதால் அன்றைக்குப் போகாதீர்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வாங்கி வைப்பார்கள். நிழல் மிகக் குறைவு. ஜூனில் பதினொரு மணிக்கெல்லாம் கல் சுடும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் போதும், உள்ளே தெருக்குழாய்களில் குடிநீர் வரும், நிரப்பிக்கொள்ளலாம்.

தரை எல்லாம் எரிமலைப் பாறைப் பாளங்கள், மேடும் பள்ளமும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் வலி இருந்தால், ஆம்பிதியேட்டர் பக்க வாசல் வழியாகப் போங்கள். அங்கிருந்து சக்கர நாற்காலிக்காகவும் குழந்தை வண்டிக்காகவும் மேடு பள்ளம் இல்லாமல் அமைத்த பாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ‘எல்லோருக்குமான பொம்பெயி’ என்று அதற்குப் பெயர். வழக்கமான கைடு வழி கடல் வாசல் என்று பெயர் கொண்ட போர்த்தா மரீனாவில் தொடங்கும், நுழைந்ததுமே சறுக்கும் ஏற்றம். முதலில் உங்கள் நிலைமையைச் சொல்லி, பாதையை மாற்றித் தரக் கேளுங்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு சுற்றுலாக்காரர்கள் கொண்டு நிறுத்தும் பெரிய கூடத்தில் வேண்டாம். சைவம் என்றால் ஒன்றிரண்டு விஷயம் மட்டும் நினைவு வைத்தால் போதும். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும், சீஸ்கூட இல்லை. மார்கெரித்தாவில் சீஸ் உண்டு. கத்தரிக்காய்ப் பார்மிஜானா நம் நாக்குக்கு ஒத்துவரும். ஜெனோவேசே என்ற பாஸ்தாவைப் பச்சைத் துளசிச் சட்னி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். நேப்பிள்ஸில் அந்தப் பெயருக்கு வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சி என்று அர்த்தம். அதோடு, வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். அடுத்து வரும் சாலை அப்படி.

கடற்கரைச் சாலையின் எண் 163. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸை ஆண்ட அரச வம்சம் மலையைக் குடைந்து போட்டது. அதுவரை இந்த ஊர்களுக்குள் போக வர கழுதைப் பாதையும் படகும்தான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கீழே கடல், நடுவில் இரண்டு கார் ஒதுங்கினால் கண்ணாடிகள் உரசும் அகலம். நீளமான பஸ்களுக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு, கோடை உச்சத்தில் கார்களுக்கு, நம்பர் பிளேட்டைப் பார்த்து ஒரு நாள் ஒற்றை எண், மறுநாள் இரட்டை எண் என்ற முறையும் வரும். நீங்களே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது வேண்டாம். ஓட்டுபவருக்குக் கடலைப் பார்க்கவே முடியாது, நிறுத்த இடமும் கிடைக்காது. உள்ளூர் டிரைவர்கள் வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்து, எதிரே வருகிறவரின் பதில் ஹார்னைக் கேட்டு, இரண்டு அங்குல இடைவெளியில் நழுவிப் போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பொசிட்டானோ வழியாக அமால்ஃபிக்குப் போகும்போது கடல் வலப்பக்கம். வேனில் அம்மாவை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தலைச்சுற்றல் வருபவர் என்றால் முன் சீட்டு. மாத்திரையைச் சாலை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

இப்போது எந்த ஊர் என்ற கேள்வி. படங்களில் பார்ப்பது பொசிட்டானோ, மலையிலிருந்து கடல்வரை அடுக்கடுக்காக வெள்ளையும் ரோஜா நிறமும் மஞ்சளுமாக வீடுகள். இளைஞர்களாக இருந்தால் அங்கே போகச் சொல்வேன். ஊரே படிக்கட்டு. வண்டி மேலேயே நிற்கும், கடற்கரைக்கு இறங்கி ஏற வேண்டும். உங்கள் பெற்றோருக்கு அமால்ஃபி ஊர்தான் சரி. வண்டி கடலோரத்திலேயே இறக்கிவிடும், அங்கிருந்து சமதளத்தில் சதுக்கத்துக்கு நடந்துவிடலாம். ரவெல்லோ 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமைதியான ஊர். தோட்டங்களிலிருந்து பார்க்கும் கடல் வேறு எங்கும் கிடைக்காது, ஆனால் அது தனியாக ஒரு அரை நாள் கேட்கும்.

பொசிட்டானோவைத் தேர்ந்தெடுத்தால், காலையில் பார்த்ததன் தொடர்ச்சி அங்கே காத்திருக்கிறது. நான் முன்னால் சொன்ன ரோமானிய மாளிகை, ஊரின் பெரிய தேவாலயத்துக்கு அடியில் இருக்கிறது. மலைச்சரிவில் குவிந்த எரிமலைச் சாம்பல் சேறாக இறங்கி அதை மூடியது. 2018இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேலே கடற்கரைக் கூட்டமும் ஐஸ்கிரீம் கடைகளும். படி இறங்கினால் குளிர்ந்த அரை இருட்டில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு முழுச் சுவர். சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள், முன்பதிவு வேண்டும். ஒருமுறை கூட்டிப் போன நண்பர், பொம்பெயியில் மூன்று மணி நேரத்தில் புரியாதது இந்த ஒரு அறையில் புரிந்தது என்றார்.

அமால்ஃபி ஒரு காலத்தில் தனிக் கடல் வல்லரசு. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து அதன் கப்பல்கள் கான்ஸ்டாண்டிநோபிள், எகிப்துவரை போய்வந்தன. இன்றைக்குச் சதுக்கத்தில் நின்றால் நம்புவது கடினம், பத்து நிமிடத்தில் கடந்துவிடும் ஊர். 1343இல் வந்த கடற்கொந்தளிப்பு ஊரின் கடலோரப் பகுதியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேவாலயத்துக்கு 62 படி. அம்மாவால் ஏற முடிந்தால் மேலே பதினொன்றாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் வார்த்த வெண்கலக் கதவுகளைப் பார்க்கலாம். முடியாவிட்டால் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்து கதவையும் படியையும் மனிதர்களையும் பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கும். அப்பாவுக்குக் கைத்தொழிலில் ஆர்வம் என்றால் பெரிய தெருவில் கால் மணி நேரம் மேலே நடந்தால் காகித அருங்காட்சியகம். பழந்துணியைத் தண்ணீர் விசையில் ஓடும் மரச் சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, தாள் செய்து காட்டுவார்கள். நாமே ஒரு தாள் அள்ளிப் பார்க்கலாம்.

எலுமிச்சை விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே விளையும் பழம் உள்ளங்கை நீளம், இரண்டு முனையும் கூராக, ஸ்ஃபுசாத்தோ என்று பெயர். தோலை அடுத்த வெள்ளைப் பகுதி கசக்காது, துண்டு போட்டுத் தோலோடு உப்போ சர்க்கரையோ தூவிச் சாப்பிடுகிறார்கள். சாலையிலிருந்து மேலே பாருங்கள். செங்குத்துப் பாறையில் படிக்கட்டு மாதிரி நிலம், ஒவ்வொரு படியையும் தாங்குவது சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர். அந்த மண்ணிலும் வெசூவியஸ் கொட்டிய சாம்பல் கலந்திருக்கிறது. பழங்களைக் கொண்டுவர வண்டி போகாது, ஐம்பது கிலோப் பெட்டியைத் தோளில் வைத்து மனிதர்கள் படி இறங்குகிறார்கள். இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. தோட்டம் கைவிடப்பட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் மழையில் மலை சாலைக்கு இறங்கும். படத்தில் அழகாகத் தெரிகிற இந்தக் கரை நிற்பதே அந்தத் தோள்களால்தான். அதனால் கடைகளில் விற்கும் எலுமிச்சைப் பொம்மைகளை விட்டுவிட்டு, தோட்டக்காரர்கள் விற்கும் பழமோ ஊறுகாய்க்கு ஆகும் தோலோ வாங்குங்கள்.

கடலில் அரை மணி நேரமாவது இருங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஊர்களுக்கு இடையே படகு ஓடும். அமால்ஃபிக்கும் பொசிட்டானோவுக்கும் இருபத்தைந்து நிமிடம் போல. சாலையில் போகும்போது தெரியாத அளவு தண்ணீரிலிருந்துதான் தெரியும். பாறை எவ்வளவு உயரம், வீடுகள் எவ்வளவு சின்னது என்று. அலை அதிகமானால் நிறுத்திவிடுவார்கள், எனவே திரும்பும் பயணத்தைப் படகை நம்பி வைக்காதீர்கள்.

ஜூன் முதல் வாரம் என்றால் நல்லது, கடைசி வாரம் என்றால் வெயிலும் கூட்டமும் இரண்டு மடங்கு. தேதியை மாற்ற முடிந்தால் மே அல்லது செப்டம்பர் கடைசி. அப்பாவால் அதிகம் நடக்க முடியாது என்றால் பொம்பெயிக்குப் பதில் ஹெர்குலேனியம் பாருங்கள். அதே வெடிப்பில் புதைந்த ஊர், மிகச் சிறியது, மாடி வீடுகளும் கரியான மர உத்திரங்களும்கூட மிஞ்சியிருக்கின்றன. ஒன்றரை மணி நேரம் போதும்.

திரும்பும்போது டிரைவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த சாலையிலேயே போகாமல், மயோரி ஊரிலிருந்து மலை ஏறி கியூன்ஸி கணவாய் வழியாக இறங்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையைச் சீக்கிரம் பிடித்துவிடலாம், இரவு ரோம் ரயிலையும் பிடிக்கலாம். கணவாயின் உச்சியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் கடல் போய்விடும், எதிரே சமவெளி முழுவதும் விளக்குகள் எரிய ஆரம்பித்திருக்கும், நடுவில் வெசூவியஸ் மட்டும் இருட்டாக நிற்கும். அந்த விளக்குகள் மலையின் அடிவாரத்தைச் சுற்றி நெருக்கமாகப் போகும். அபாய வட்டம் என்று அரசாங்கம் குறித்து வைத்த அந்தப் பகுதியில் இன்றைக்கு ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். கடைசியாக அந்த மலை வெடித்தது 1944 மார்ச்சில்.